ஸ்ரீரங்கப்பட்டணம்: அரைநாள் ஆட்டோ சுற்றுக்குள் அடங்குமா ஒரு பழைய தலைநகரம்?

தமிழ்நாட்டிலிருந்து மைசூருக்குச் செல்லும் குடும்பங்களின் பயணத் திட்டத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் பெரும்பாலும் இடைச்செருகலாகவே வருகிறது. காலையில் சாமுண்டி மலை, பிறகு அரண்மனை, பிற்பகலில் ஸ்ரீரங்கப்பட்டணம், இருட்டியதும் பிருந்தாவன் தோட்டத்து நீரூற்று என்பது வேன் ஓட்டுநர்கள் பல ஆண்டுகளாக மாற்றாமல் வைத்திருக்கும் வரிசை. தனியாகச் செல்பவர்கள் மைசூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் பயணித்து ஊரில் இறங்கியதும், ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு ஒரு பட்டியலைச் சொல்வார்கள்: கோயில், பாதாளச் சிறை, திப்பு இறந்த இடம், மசூதி, தரியா தௌலத் மாளிகை, கும்பஸ் கல்லறை மாடம், சங்கமம், நிமிஷாம்பாள் கோயில். இவை எட்டும் மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பது அவர்களுடைய உறுதிமொழி. அந்தச் சுற்றையும், அதற்கு வெளியே விடுபட்டுப்போகும் ஊரையும் பற்றியதே இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலில் உள்ள இடங்கள் அனைத்தும் பார்க்கத் தகுந்தவை; ஆட்டோக்காரர்கள் கேட்கும் தொகையும் முன்பே பேசி முடித்துக்கொண்டால் நியாயமானதுதான். குறை அந்தச் சுற்றின் அமைப்பில் இருக்கிறது. நான்கு புறமும் காவிரி சூழ்ந்த ஒரு தீவில், சங்கமத்தில் பத்து நிமிடம் தவிர ஆறு எங்குமே காட்டப்படுவதில்லை. இந்த ஊர் தலைநகரானதற்கும் காவிரிதான் காரணம், வீழ்ந்த நாளையும் காவிரியின் நீர்மட்டமே தீர்மானித்தது என்னும்போது, ஆற்றை விட்டுவிட்டுக் கட்டடங்களை மட்டும் எண்ணிக்கைக்குப் பார்த்துத் திரும்புவது பணத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ற பலனைத் தராது.

கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் தீவின் மேற்கு நுனியில் கோட்டை இருக்கிறது. காவிரி இரண்டாகப் பிரியும் இடத்தை ஒட்டியே அதன் மதில்கள் எழுந்துள்ளன. கோட்டைக்குக் கிழக்கே, தீவின் நடுவிலும் மறுகோடியிலுமாகத் தோட்டங்களும் கஞ்சாம் என்ற பேட்டையும் அரச குடும்பத்தின் கல்லறை மாடமும் அமைந்தன. இந்த அமைப்பை ஒரு காகிதத்தில் கோடு போட்டாவது மனத்தில் வாங்கிக்கொண்டு புறப்படுபவருக்கு, அடுத்த சில மணி நேரம் முற்றிலும் வேறு விதமாக அமையும். மைசூர்ப் பயணத் தொகுப்புகளை விற்கும் எந்த நிறுவனமும் வாடிக்கையாளர் கையில் அப்படியொரு வரைபடத்தைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஊரின் வரலாறு அரங்கநாதரிடமிருந்து தொடங்குகிறது. கங்கர் ஆட்சியில் 894ஆம் ஆண்டில் திருமலையா என்ற சிற்றரசர் கோயிலை எழுப்பியதாகச் சொல்லப்படுகிறது. பின்னர் ஹொய்சளரும் விஜயநகரத்தாரும் மைசூர் உடையார்களும் விரிவாக்கினார்கள். சோழ நாட்டைவிட்டு ஹொய்சள நாட்டுக்கு வந்த இராமானுசருக்கு விஷ்ணுவர்த்தன மன்னன் இந்தத் தீவையும் சுற்றியுள்ள ஊர்களையும் தானமாக அளித்தான் என்பது வைணவ மரபு. 15ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் கீழ் கோட்டை எழுந்தது. விஜயநகரப் பேரரசின் தென்பகுதிப் பிரதிநிதி இங்கிருந்துதான் ஆண்டார். 1610இல் ராஜ உடையார் அந்தப் பிரதிநிதியான திருமலராஜனிடமிருந்து ஊரைக் கைப்பற்றித் தம் தலைநகரை மைசூரிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டார். இன்று உலகமே வந்து பார்க்கும் மைசூர் தசராவும் அதே ஆண்டு இங்கேதான் தொடங்கியது. இப்போதும் மைசூர் விழாவை ஒட்டி இந்த ஊருக்கெனத் தனியாக ஒரு சிறிய தசரா நடக்கிறது. கூட்டத்தில் நசுங்க விரும்பாதவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

திருமலராஜனின் மனைவி அலமேலம்மாள், கோயில் தாயாருக்குரிய நகைகளைத் தேடி வந்த வீரர்களுக்கு அஞ்சி, ‘தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளையில்லாமல் போகட்டும்’ என்று சபித்துவிட்டுக் காவிரியில் குதித்த கதையை எந்த வழிகாட்டியும் சொல்லாமல் விடமாட்டார். கதை நன்றாகவே இருக்கும். ஆனால் வாரிசுப் பட்டியலோடு சேர்த்து அதை நீட்டி முழக்கும் வழிகாட்டியிடம் மாட்டிக்கொண்டால் கோட்டை வாசலிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

1610 முதல் 1799 வரை, ஏறத்தாழ 190 ஆண்டுகள் மைசூர் நாட்டின் தலைநகராக இருந்தது இந்தத் தீவு. 1761இல் ஹைதர் அலி அதிகாரத்தைக் கைப்பற்றிய பிறகும் உடையார்கள் பெயரளவுக்கு இங்கேயே இருந்தார்கள். ஹைதரின் ஏற்றம் தொடங்கியதே திண்டுக்கல்லில்தான் என்பதை நம் ஊர்ப் பயணிகள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1755இல் அவர் அங்கே ஃபௌஜ்தாராக, அதாவது படைத் தலைவராக, அமர்த்தப்பட்டார். 1792இல் ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் இந்தத் தீவை முற்றுகையிட்ட பின் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஹைதரின் மகன் திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழந்ததோடு, இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பவும் வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள் கொண்டுபோகப்பட்ட இடம் சென்னை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியின் பங்குக்கு வந்த நிலங்களில் திண்டுக்கல்லும், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வட்டாரங்களான பாராமகாலும் அடக்கம். தமிழ்நாட்டு வரைபடத்தின் ஒரு பகுதி இந்தத் தீவில் போட்ட கையெழுத்தால் மாறியது என்பதை, வந்து போகும் நம்மவர்களில் பலரும் அறியாமலேயே திரும்புகிறார்கள்.

சுற்றை எங்கிருந்து தொடங்குவது என்பதே முக்கியமான கேள்வி. ஆட்டோக்கள் கோயிலிலிருந்து தொடங்குகின்றன. நான் கோட்டையின் வடமேற்கு மூலையிலிருந்து தொடங்கச் சொல்வேன். அங்கே மைசூர் அரசு 1907இல் நிறுவிய முற்றுகை நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. அதனருகே மதிலோரம் நின்று ஆற்றைப் பார்த்தால், கோடையில் பாறைகளுக்கு நடுவே முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மே மாத வெயிலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்கள் அந்த மாதத்திலேயே வந்து பார்ப்பது நல்லது. ஆங்கிலேயர் இந்தக் கோட்டையை வீழ்த்திய 1799ஆம் ஆண்டின் முற்றுகையை விளக்க அதைவிடச் சிறந்த காட்சிப்பொருள் எந்த அருங்காட்சியகத்திலும் கிடையாது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆங்கிலேயத் தளபதி ஹாரிஸின் தலைமையில் வேலூர்ப் பக்கத்திலிருந்து சென்னைப் படை புறப்பட்டது. மேற்குக் கரையிலிருந்து பம்பாய்ப் படை வந்தது. ஐதராபாத் நிஜாமின் படையும் சேர்ந்துகொண்டது. திப்புவின் கணக்கு மழையை நம்பியிருந்தது. ஜூனில் குடகு மலையில் பருவமழை இறங்கிவிட்டால் காவிரி கரைபுரளும். முற்றுகைப் படை ஆற்றைக் கடக்க முடியாது. அரிசி தீர்ந்துபோய்த் தானாகவே பின்வாங்கும். கணக்கு தவறானதல்ல, ஹாரிஸின் முகாமில் அரிசிக்கு உண்மையிலேயே தட்டுப்பாடு ஏற்பட்டிருந்தது. ஆகவேதான் ஆற்றில் நீர் இறங்கியிருந்த நாள்களுக்குள் வேலையை முடிக்க ஆங்கிலேயர் துடித்தார்கள். மேற்கு மதிலைப் பீரங்கியால் உடைத்து, மே 4ஆம் தேதி பிற்பகல் ஒரு மணியளவில், காவலர்கள் வெயிலுக்கு ஒதுங்கியிருக்கும் நேரம் பார்த்து ஆற்றுக்குள் இறங்கினார்கள். ஆற்றையும் உடைப்பையும் கடக்க அவர்களுக்குத் தேவைப்பட்டது சில நிமிடங்களே. முன்னால் நின்று நடத்திய டேவிட் பேர்ட், இதே கோட்டையில் 44 மாதங்கள் கைதியாகக் கிடந்தவர். திப்பு பகல் உணவுக்கு உட்கார்ந்திருந்தபோது தாக்குதல் செய்தி வந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. மறுநாள் மாலை அவரை அடக்கம் செய்யும்போது இடியும் மின்னலுமாகப் பெருமழை கொட்டியது.

தூணிலிருந்து வடக்கு மதிலை ஒட்டி நடந்தால், திப்புவின் உடல் கண்டெடுக்கப்பட்ட இடத்தைக் குறிக்கும் கல்லுக்கு வந்துசேரலாம். ஆட்டோவில் வருபவர்கள் இங்கே இறங்கி, கம்பி வேலிக்குள் இருக்கும் அந்தக் கல்லைப் படமெடுத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் ஏறிவிடுகிறார்கள். மேற்கு உடைப்பிலிருந்து இதுவரை நடந்து வந்தவருக்கு, தாக்கியவர்கள் எந்தப் பக்கம் ஓடி வந்திருப்பார்கள், தற்காத்தவர்கள் எந்த வாசலை நோக்கி ஒதுங்கியிருப்பார்கள் என்பதெல்லாம் கால்களாலேயே விளங்கிவிடும். ஆற்றுக்கு இறங்கும் நீர்வாயிலும் இந்தப் பக்கம்தான். அதன் வளைவுக்குள் நிற்கும்போது மதிலின் தடிமன் தெரியும். வெளியே சென்றால் படித்துறையும் துணி துவைப்பவர்களும், ஈமச் சடங்கு செய்ய வந்த குடும்பங்களும் இருக்கிறார்கள். அவர்களைப் படம் எடுக்காமல் இருப்பது மரியாதை.

பாதாளச் சிறைகளில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் பெயரால் வழங்கும் சிறையைத்தான் எல்லாருக்கும் காட்டுகிறார்கள். படியிறங்கிப் போனால், வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய செங்கல் வளைவுக் கூரையின் கீழ் நீண்ட கூடம். சுவரில் வரிசையாகக் கல் பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சங்கிலி கோப்பதற்கான துளை. கைதியை நிற்க வைத்துக் கைகளை விரித்துக் கட்டினால் அந்தத் துளை எந்த உயரத்தில் வரவேண்டுமோ சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கிறது. தரையில் ஒரு பீரங்கி கிடக்கிறது; முற்றுகையின்போது மேலிருந்து கூரையை உடைத்துக்கொண்டு விழுந்தது என்கிறார்கள். ஆற்றுநீரை உள்ளே விட்டுக் கைதிகளைக் கழுத்தளவுத் தண்ணீரில் நிறுத்தினார்கள் என்ற கதையை வழிகாட்டிகள் விரும்பிச் சொல்கிறார்கள். வழிகாட்டிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும்: வந்தவரின் ஊரையும் பேச்சையும் பார்த்துத் திப்புவை மாவீரராகவோ கொடுங்கோலராகவோ மாற்றிச் சொல்லும் திறமை அவர்களில் சிலருக்கு உண்டு. குடகிலும் மலபாரிலும் அவர் படைகள் செய்ததையும், கோயில்களுக்கு அவர் அளித்த கொடைகளையும் ஒரே மூச்சில் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் கேட்ட தொகையைக் கொடுத்துவிடலாம்.

அப்படிக் கொடுத்த கொடைகளில் வெள்ளிக் கிண்ணங்கள் சில அரங்கநாதர் கோயிலுக்கும் உண்டு. திப்புவின் லால் மகால் அரண்மனை இந்தக் கோயிலுக்கு மிக அருகிலேயே இருந்தது. அரண்மனை இன்று வெறும் அடித்தளமாகக் கிடக்க, கோயில் அன்றாடப் பூசையோடு விளங்குகிறது. காவிரியின் ஓட்டத்தில் முதலில் வரும் அரங்கம் என்பதால் இவர் ஆதிரங்கர், சிவசமுத்திரத்தில் மத்தியரங்கர், நம் திருவரங்கத்தில் அந்தியரங்கர். மூன்றும் ஆற்றிடைத் தீவுகளே. திருவரங்கத்துக் கோபுரங்களையும் ஏழு பிராகாரங்களையும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு இந்தக் கோயில் சிறியதாகத் தோன்றலாம். கருவறைக்கு முன் நிற்கும்போது அந்த எண்ணம் மாறும். பள்ளிகொண்ட பெருமாளின் பாதத்தருகே தாயார் காவேரி வடிவில் வீற்றிருப்பதாகச் சொல்லி அர்ச்சகர் தீபத்தைத் தாழ்த்திக் காட்டுவார். நுழைவிடத்துத் தூண்களில் திருமாலின் 24 வடிவங்கள் செதுக்கப்பட்டுள்ளதைத் தரிசன வரிசையின் தள்ளுமுள்ளில் யாரும் கவனிப்பதில்லை. வைகுண்ட ஏகாதசியன்றும் தை மாதத்து ரதசப்தமியன்றும் உள்ளே கால் வைக்க இடமிருக்காது. சுற்றுலாவாக வருபவர்கள் அந்த நாள்களைத் தவிர்க்கலாம். சற்றுத் தள்ளியிருக்கும் நரசிம்மர் கோயிலுக்கு ஆட்டோக்கள் நிற்பதில்லை. அங்கே கண்டீரவ நரசராஜ உடையாரின் கருங்கல் சிலை ஒன்று, ஆடை மடிப்பும் நகையும் துல்லியமாகத் தெரியும் வண்ணம், கைகூப்பிய நிலையில் இருக்கிறது. நிறுத்தச் சொல்லிப் பாருங்கள்.

கோட்டைக்குள் ரயில் பாதை ஓடுவது பலருக்கு வியப்பாக இருக்கும். பாதையை இரட்டையாக்கும்போது திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. அதை இடிக்காமல் அடித்தளத்தோடு பெயர்த்துத் தண்டவாளம்போல் அமைத்த தடத்தின் மேல் சுமார் 130 மீட்டர் நகர்த்தி, 2017இல் புதிய இடத்தில் வைத்தார்கள். தரையோடு தரையாக அமைந்த சாதாரணக் கட்டடம்தான். ஆனால் நகர்ந்த கதைக்காகவே ஒரு பார்வை பார்க்கலாம். பெங்களூர் வாசலருகே 1780களில் திப்பு கட்டிய ஜாமியா மசூதியின் இரட்டைக் கோபுரங்கள் புறா மாடங்களோடு உயர்ந்து நிற்கின்றன.

இந்த ஊரில் ஒன்றே ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்பவருக்குத் தயங்காமல் தரியா தௌலத் பாக் என்று சொல்வேன். கோட்டைக்கு வெளியே கிழக்கில் 1784இல் கட்டிய கோடைகால மாளிகை இது. இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. இந்தியருக்கான கட்டணமே இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கும் பொருந்தும் என்பதால், யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருபவர்கள் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளவேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாகவே இருக்கும்: வெயில் படாமலிருக்க நாற்புறமும் பச்சைத் திரை தொங்கவிட்ட, உயரமில்லாத மரக் கட்டடம். திரையைத் தாண்டித் தாழ்வாரத்துக்குள் நுழைந்ததும், தேக்குத் தூணும் விட்டமும் சுவரும் கூரையும் ஓர் அங்குலம் விடாமல் தீட்டப்பட்டிருப்பது தெரியும்.

மேற்குச் சுவரின் பெரும் ஓவியம் 1780 செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே நடந்த பொள்ளிலூர்ச் சண்டையைக் காட்டுகிறது. புள்ளலூர் என்று நாம் அறிந்த அதே ஊர்தான். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பு மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்றதாகச் செப்பேடு சொல்வதும் அங்கேதான். குண்டூரிலிருந்து காஞ்சி நோக்கி வந்த கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் வளைத்துக்கொண்டார்கள். ஓவியத்தின் நடுவே செஞ்சட்டைச் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள். சதுரத்துக்குள் காயம்பட்ட பெய்லி பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் வெடிமருந்து வண்டி தீப்பற்றிச் சிதறுகிறது. அந்த வெடிப்புதான் அன்றைய சண்டையின் திருப்புமுனை. செந்நிற உடை அணிந்த பிரெஞ்சுத் தளபதி லாலி தொலைநோக்கியோடு ஒரு பக்கம் நிற்கிறார். இத்தனை அமளிக்கும் நடுவே திப்பு கையில் ரோஜாவை வைத்து முகர்ந்துகொண்டு குதிரையில் போகிறார். நேரம் கழித்து வந்து சேரும் நிஜாமின் படைக்கருகே பசுவும் காட்டுப்பன்றியும் தீட்டப்பட்டிருப்பது கேலிக்காக என்று விளக்குகிறார்கள். தோற்றவனின் முகத்தை இவ்வளவு கவனமாக வரைந்த ஓவியன், வென்றவர்களின் முகத்தில் எந்த உணர்ச்சியையும் காட்டாமல் விட்டது வேண்டுமென்றே செய்த வேலை என்றே நான் நினைக்கிறேன்.

பெய்லி அந்தச் சண்டையில் பிடிபட்டு இதே கோட்டையில் கொண்டுவந்து அடைக்கப்பட்டு 1782இல் இறந்தார். டேவிட் பேர்ட் கைதானதும் அதே நாளில்தான். ஆகவே ஓவியத்தை முதலில் பார்த்துவிட்டுச் சிறைக்குப் போவதா, சிறையைப் பார்த்துவிட்டு ஓவியத்துக்கு வருவதா என்பது அவரவர் விருப்பம்; ஆனால் இரண்டுக்கும் உள்ள தொடர்பை யாரும் சொல்லித்தராமல் இரண்டையும் தனித்தனியே காட்டுவதுதான் அரைநாள் சுற்றின் மிகப் பெரிய குறை. 1799க்குப் பிறகு இந்த மாளிகையில் குடியிருந்த ஆங்கிலேயப் படைத் தலைவர் ஆர்தர் வெல்லஸ்லி ஓவியங்களைப் புதுப்பிக்கச் செய்தார். 1850களில் தலைமை ஆளுநர் டல்ஹௌசியின் உத்தரவால் மறுபடியும் தீட்டினார்கள். ஆகவே இன்று நாம் காண்பது திப்பு பார்த்த அதே வண்ணம் என்று சொல்ல முடியாது. தோற்றவர்களே தங்கள் தோல்வியின் சித்திரத்தைச் செலவழித்துக் காப்பாற்றினார்கள் என்பது கூடுதல் சுவை. கிழக்குச் சுவரில் கட்டங்களாகப் பிரித்து அக்கால ஆட்சியாளர்களைத் தீட்டியிருக்கிறார்கள். அவர்களில் தஞ்சாவூர் அரசரும் ஒருவர். உள்ளே படமெடுக்க விடமாட்டார்கள். அதனால் கூட்டம் நின்று நிதானித்துப் பார்க்கும் என்று எதிர்பார்த்தால் அதுவும் நடப்பதில்லை. பள்ளிச் சுற்றுலா வரிசைகள் மேற்குச் சுவரைக் கடக்க ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்வதில்லை. திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது உத்தமம்.

அங்கிருந்து தீவின் கிழக்குக் கோடியை நோக்கிப் போனால் கும்பஸ். 1782 டிசம்பரில் சித்தூருக்கு அருகே பாசறையில் இறந்த ஹைதருக்காகத் திப்பு எழுப்பிய கல்லறை மாடம். மெருகேற்றிய 36 கருங்கல் தூண்கள் சுற்றிலும் நிற்க, உள்ளே சுவர் முழுவதும் புலி வரி தீட்டப்பட்டிருக்கிறது. ஹைதருக்கும் தாய் ஃபக்ருன்னிசாவுக்கும் பக்கத்தில் திப்புவும் இங்கேயே அடக்கமாகியிருக்கிறார். தந்தம் பதித்த கருங்காலிக் கதவுகள் டல்ஹௌசி வழங்கியவை. செருப்பை வெளியே விட்டுச் செல்லவேண்டும். வெயில் ஏறிய பிறகு முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாது என்பதால் காலுறை அணிந்து போவது நல்லது. திப்பு இறந்த பின் அவருடைய பிள்ளைகளும் பெண்டிரும் இந்த ஊரில் இருக்க விடப்படவில்லை. ஹாரிஸின் படை எங்கிருந்து திரண்டு புறப்பட்டதோ அந்த வேலூருக்கே அவர்களை அனுப்பி, கோட்டைக்குள் மகால்களில் வைத்தார்கள். 1806 ஜூலை 10ஆம் தேதி அங்கே சிப்பாய்கள் எழுச்சி வெடித்த பின்னர் திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். வேலூர்க் கோட்டையை ஏற்கெனவே பார்த்தவர்களுக்குக் கும்பஸில் நிற்கும்போது கதையின் இரு முனைகளும் சேரும்.

சங்கமத்தில் ஆற்றின் கிளைகள் சேருவதைப் பார்க்கலாம், பரிசலும் இருக்கிறது. கூட்டமும் குப்பையும் பொறுக்க முடிந்தால் போகலாம். நிமிஷாம்பாள் கோயில் வேண்டுதல் உள்ளவர்களுக்கு. இவ்விரண்டுக்கும் செலவிடும் நேரத்தில் பாதியைப் படைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. 1799க்குப் பிறகு இங்கே தங்கியிருந்த படையினரும் அவர்கள் குடும்பத்தாருமாகச் சுமார் 300 பேரின் கல்லறைகள் அங்கே உள்ளன. அவற்றில் டி மியூரான் என்ற சுவிஸ் படைப்பிரிவினருடையவையும் உண்டு. டச்சுக் கும்பெனிக்காக இலங்கையில் காவல் இருந்த அந்தப் பிரிவு, 1795இல் ஆங்கிலேயர் பக்கம் மாறி, நான்காண்டுகளில் இந்தக் கோட்டை முற்றுகைக்கு வந்து நின்றது. போர் முடிந்த பிறகு இங்கே ஆள்களைக் கொன்றது பெரும்பாலும் காய்ச்சல்தான். தலைநகர் மைசூருக்குப் போய்விட, காய்ச்சலுக்கு அஞ்சிப் படையும் பெங்களூருக்கு மாற, திப்பு காலத்தில் ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்ததாக மதிப்பிடப்பட்ட ஊர் சில பத்தாண்டுகளில் சிற்றூராகச் சுருங்கியது. அதன் பழைய வடிவம் பெரிதும் கலையாமல் நமக்குக் கிடைத்திருப்பதற்கு அந்தச் சுருக்கமும் ஒரு காரணம்.

மைசூர் திவான் பூர்ணையா 1804இல் கட்டி முடித்த வெல்லஸ்லி பாலத்தையும் விட்டுவிட வேண்டாம். கல் தூண்களை ஆற்றில் நட்டு, மேலே கற்பலகைகளைப் பரப்பிய எளிய அமைப்பு. எத்தனையோ வெள்ளங்களைக் கண்டும் நிற்கிறது. வெள்ளம் என்றதும் ஒரு நடைமுறைக் குறிப்பு. கிருஷ்ணராஜ சாகர் அணை இந்த ஊருக்குச் சற்று மேலே இருப்பதால், நம் நாளிதழ்களில் தினமும் வரும் அதன் நீர்மட்டமே இந்தப் பயணத்துக்குச் சிறந்த நாள்காட்டி. மட்டம் 124.80 அடியை நெருங்கி, உபரிநீர் திறப்பதாகச் செய்தி வந்தால், தமிழ்நாட்டு எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவுக்கு வருமுன் அந்தத் தண்ணீர் இந்தத் தீவைத்தான் சுற்றிக்கொண்டு போகும். அப்போது கோட்டை மதிலிலிருந்து பார்க்கும் காட்சி அருமை. ஆனால் படித்துறைகள் மூழ்கியிருக்கும், ரங்கனதிட்டுவில் படகும் ஓடாது. 1940இல் சலீம் அலியின் முயற்சியால் அறிவிக்கப்பட்ட அந்தப் பறவைகள் சரணாலயம், 2022இல் உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆற்றின் நடுவே பாறைகளில் முதலைகளும் மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகளும் அருகருகே இருப்பதைப் படகிலிருந்து பார்ப்பதற்குத் தை, மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. அதற்குத் தனியாக ஒரு காலைப் பொழுதை ஒதுக்கவேண்டும். கோட்டையோடு சேர்த்து ஒரே நாளில் திணித்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

ஊருக்குள் சாப்பாட்டுக்கு எளிய சைவ உணவகங்கள் உள்ளன. குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் இல்லை. பெங்களூர்ப் பக்கத்திலிருந்து ரயிலில் வருபவர்கள் மத்தூரைத் தாண்டும்போது பெட்டிக்குள் விற்கும் வடையை வாங்கி வைத்துக்கொண்டால் காலைப் பொழுது நகர்ந்துவிடும். 2023இல் திறந்த பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலை ஊரைத் தொடாமல் புறவழியாகச் செல்வதால், காரில் வருபவர்கள் வெளியேறும் வழியைக் கவனித்துத் திரும்பவேண்டும். தவறவிட்டால் நேரே மைசூருக்குப் போய்த்தான் வரவேண்டியிருக்கும். முதியவர்கள் இருந்தால் கோட்டைக்குள் நடப்பதை வடக்கு மதிலோடு நிறுத்திக்கொண்டு, மற்றதற்கு ஆட்டோ வைத்துக்கொள்ளலாம். அப்போது பட்டியலை அவர் சொல்ல விடாமல் நாமே சொல்லிவிடவேண்டும்: முதலில் தரியா தௌலத், வெயிலுக்கு முன் கும்பஸ், கல்லறைத் தோட்டம், பிறகு கோயில், சிறை, நீர்வாயில், மாலை வெயில் தணிந்ததும் வடமேற்கு மூலை. நடந்தே பார்ப்பவர்கள் இதே வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்ளலாம். முழுநாள் என்றால் ஆட்டோக்காரர் கூடுதலாகக் கேட்பார். காத்திருப்புக்கான கூலியையும் சேர்த்து முதலிலேயே பேசிவிட்டால் கடைசியில் வாக்குவாதம் வராது. பிருந்தாவன் நீரூற்றை அன்றைய திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.